வெளியே போக நாலு பேர்

மார்ச் 4, திங்கள், காலை

காலர் அக்காவுக்கு,

நேற்று பேருந்து நிலையத்திலிருந்து நீங்கள் அனுப்பிய குரல் செய்திகள் மொத்தம் நாற்பத்தொன்று. என் போன் அறையில் சார்ஜில் கிடந்தது என்று தெரிந்த பிறகும் பதினாறு அனுப்பியிருக்கிறீர்கள். நான் மூன்றைத்தான் கேட்டேன். மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். நேரில் பேசினால் எனக்கு வார்த்தை வராது, உங்களுக்கு வார்த்தை நிற்காது. நேற்று மாலை அதுதான் நடந்தது. நீங்கள் கத்தினீர்கள், நான் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டேன். அதனால் எழுதுகிறேன். பதில் சொல்வதென்றால் நீங்களும் எழுதியே சொல்லுங்கள்.

அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

வார்டன் அம்மா சொன்னது எனக்கும் புரிந்தது. நாலு பேராகச் சேர்ந்துதான் வெளியே போகலாம், நாலு பேராகத்தான் திரும்ப வேண்டும். நாமோ ஒருத்தி தனியாகவும் மூன்று பேர் தாமதமாகவும் திரும்பினோம். தப்பு யாருடையது என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். தப்புச் செய்தவளுக்கு ஒப்பந்தம் முடியும்வரை, இன்னும் ஒன்பது மாதம், வெளியே போகும் பாஸ் கிடையாது. மற்ற மூவருக்கும் உண்டு. கொடுக்காவிட்டால் நாலு பேருக்குமே இல்லை.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பது என்ன? "பிசிறு தானாகவே எங்களை விட்டு விலகி வேறு பக்கம் போய்விட்டாள்." லைனில் சட்டைக்குக் கை வைக்கிற கையும், பொத்தான் தைக்கிற பொத்தானும் அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் விலகவில்லை அக்கா. நான் நின்ற இடத்தில்தான் நின்றேன். நீங்கள் போனீர்கள்.

இன்னொன்று. இன்றிலிருந்து எனக்குப் பிற்பகல் ஷிப்ட். சூப்பர்வைசரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து நானே வாங்கிக்கொண்டேன். நீங்கள் வேலை முடிந்து வரும்போது நான் கிளம்பியிருப்பேன்.

பிசிறு


மார்ச் 4, திங்கள், மாலை நாலு மணி

ஏய் பிசிறு,

கடிதத்தை யாராவது செருப்புக்குள் வைப்பார்களா? காலை விட்டதும் ஏதோ பூச்சி என்று உதறினேன். அது போய்ப் பொத்தானின் தேநீரில் விழுந்தது. உன் எழுத்தில் பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதியைப் படித்தே எனக்குத் தலை சுற்றுகிறது. எட்டாவதோடு நின்றவளுக்கு இவ்வளவு எழுத்து எங்கிருந்து வருகிறது? இதில் நூறில் ஒரு பங்கு நேற்று வாயிலிருந்து வந்திருந்தால் நமக்கு இந்தக் கதியே இல்லை.

நேற்று என் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. கேட்கவும் மாட்டாய். நான் சொல்கிறேன்.

அந்தப் பெரிய சாலையைத் தாண்டி, இரண்டு தெரு நடந்து, பேருந்திலும் ஏறி உட்கார்ந்துவிட்டோம். ஒருத்தி பின்னால் ஒருத்தியாக இடம் கிடைத்தது. பொத்தானுக்குத் தாகம். குடித்துவிட்டுப் பாட்டிலைத் தோளுக்கு மேல் பின்னால் நீட்டினாள். நீ வாங்கவில்லை. பாட்டில் கீழே விழுந்து, ஒரு பெரியவரின் காலடியில் உருண்டது. அப்போதுதான் திரும்பினோம். உன் இடத்தில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பொத்தான் வாய்விட்டு அலறினாள். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி எங்களைப் பேருந்து நிலைய வாசலில் இறக்கிவிட்டார். அவர் சொன்ன மொழி புரியவில்லை. வசவு என்பது மட்டும் புரிந்தது.

அப்புறம் ஐந்து மணி நேரம் பேருந்து நிலையத்தில் தூணுக்குத் தூண் உன்னைத் தேடினோம். கை அழ ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. "அவங்க அம்மாவுக்கு நான் என்னக்கா பதில் சொல்லுவேன்" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஊரும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. கழிவறைக்குக்கூடப் போகவில்லை. ஏழரை மணிக்குச் செத்துச் சுண்ணாம்பாகி விடுதிக்கு வந்தால், நீ கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாய்!

எனக்கு எப்படி இருந்திருக்கும்?

வாயை வாடகைக்கு விட்டிருந்தாயா? "அக்கா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருக்க மாட்டோமா? ஒரு குரல்! அதைச் செய்யாதவள்தானே தப்புச் செய்தவள்? ஒழுங்காகக் கையெழுத்துப் போடு. நீ எப்படியும் வெளியே போக ஆசைப்படுகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜன்னலில் உட்கார்ந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பவள். உனக்கு ஒன்பது மாதம் ஒரு பொருட்டா?

இனிமேல் கடிதத்தை என் சாப்பாட்டு டப்பாவில் வை.

காலர்


மார்ச் 5, செவ்வாய், காலை

காலர் அக்காவுக்கு,

டப்பாவை நீங்கள் கழுவவே இல்லை. நானே கழுவிவிட்டுத்தான் இதை வைத்திருக்கிறேன்.

நீங்கள் தேடினீர்கள் என்பதும், கை அழுதாள் என்பதும் எனக்குத் தெரியாது. முந்தாநாள் அதைச் சொல்லாமல் "திமிர் புடிச்சவளே" என்று ஆரம்பித்தால் எப்படித் தெரியும்?

என் பக்கம் நடந்ததை எழுதுகிறேன். கையெழுத்து வேண்டுமென்றால் இதைப் படிக்கத்தான் வேண்டும்.

நாம் தெருவில் எப்படி நடந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் நீங்கள், பிறகு கை, பிறகு பொத்தான், கடைசியில் நான். யாரும் அப்படி நடக்கச் சொல்லவில்லை. லைனில் மூன்று மாதம் உட்கார்ந்த பழக்கம். நீங்கள் காலர் தைத்துச் சட்டையைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டுவீர்கள். கை வாங்கிச் சட்டைக்குக் கை வைத்து, அவளும் பார்க்காமலே நீட்டுவாள். பொத்தானும் அப்படித்தான். பின்னால் ஆள் இருக்கிறாளா என்று யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் அன்றைய கணக்கு குறைந்துவிடும். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. நான் பிசிறு வெட்டிப் பெட்டியில் போடுகிறவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் இருக்கிற முதுகு.

அந்தப் பெரிய சாலையில் பொத்தான் கடந்ததும் சிவப்பு விளக்கு விழுந்துவிட்டது. நான் இந்தப் பக்கம் நின்றேன். பச்சை விழுந்தபோது உங்கள் மூன்று பேரையும் காணோம். அப்போது மஞ்சள் குடை பிடித்த ஓர் அம்மா பின்னால், கழுத்தில் அட்டை மாட்டிய கூட்டம் ஒன்று வரிசையாகக் கடந்தது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள். கடைசியில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெரிய முதுகு. நான் அதன் பின்னால் நடந்துவிட்டேன். யோசித்து நடக்கவில்லை. யாரிடமும் வழி கேட்பதைவிட அது எளிதாக இருந்தது. என் கழுத்திலும் தொழிற்சாலை அட்டை தொங்கியதா, பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

குடைக்கார அம்மா ஒவ்வொரு வாசலிலும் ஆட்களை எண்ணினார். எண்ணி முடித்ததும் நெற்றியைச் சுருக்குவார். மறுபடி எண்ணுவார். ஒருத்தர் குறைந்தால் தேடலாம். ஒருத்தர் கூடினால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மூன்று இடத்தில் எண்ணினார். நான் மூன்று இடத்திலும் சாம்பல் கோட்டின் பின்னால் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். நாலாவது இடத்தில் அவர் எண்ணுவதையே விட்டுவிட்டார்.

அருங்காட்சியகத்துக்குள் போனோம். ஒரு ராஜாவின் மேலங்கியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அவர் அதைப் போட்டுக்கொண்டு நிற்கிற படம். எத்தனை நூறு வருடமோ தெரியாது. முழுக்கக் கைத்தையல். அவ்வளவு நெருக்கமான தையலை நான் பார்த்ததே இல்லை. ஆனால் இடது கை ஓரத்தில், உள்பக்கம், ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறது அக்கா. ஒரு விரல் நீளம். ராஜாவுக்குத் தைத்ததை யாரோ சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், என் முன்னால் இருந்த சாம்பல் கோட்டின் கீழ் ஓரத்திலும் ஒரு நூல் தொங்கியது. சாலையைக் கடந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். என் கை சும்மா இருக்கவில்லை. பிடித்து இழுத்தேன். சங்கிலித் தையல். தப்பான நுனியை இழுத்தால் கடைசிவரை பிரியும் என்று குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் இழுத்துவிட்டேன். சரசரவென்று ஒரு முழம் பிரிந்து தொங்கியது. அவர் திரும்பினார். கூட்டமே திரும்பியது.

அட்டை உறையில் நான் எப்போதும் ஊசி வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். பிரிந்த அதே நூலைக் கோத்து, தரையில் முழங்கால் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அசையாமல் நின்றார். எல்லோரும் சிரித்தார்கள், யாரும் திட்டவில்லை. குடைக்கார அம்மா என் அட்டையைப் பார்த்தார், கூட்டத்தை ஒருமுறை எண்ணினார், அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு அவரும் சிரித்தார். முழுச் சுற்றும் கூடவே வைத்துக்கொண்டு, ஐந்து மணிக்கு அவரே பேருந்தில் ஏற்றி, ஓட்டுநரிடம் விடுதி முகவரியைக் காட்டிவிட்டுப் போனார்.

நான் ஜன்னலில் உட்காருகிறவள்தான். ஞாயிற்றுக்கிழமைவரை அதற்கு அப்பால் ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். எனக்கும் பாஸ் வேண்டும்.

பிசிறு


மார்ச் 6, புதன், மாலை

பிசிறு,

உன் கடிதத்தைக் கைக்கும் பொத்தானுக்கும் படித்துக் காட்டினேன். பொத்தான் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தாள். கை, "அந்தக் கோட்டுக்காரரு என்னக்கா பண்ணாரு, மறுபடி படிங்க" என்று இரண்டு தடவை படிக்க வைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காதில் புகைதான் வந்தது.

நாங்கள் தூணைப் பார்த்தோம், நீ ராஜாவைப் பார்த்தாய். சரி, இருக்கட்டும். அது ஒன்றும் பெரிய இடம் இல்லை. அந்த அருங்காட்சியகத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன். மேலங்கி கிடக்கட்டும், மேல்மாடியில் இருக்கிற யானை எலும்பைப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். மணிக்கூண்டுக்குள் கண்ணாடி லிப்டில் ஏறினாயா? என்னோடு வந்திருந்தால் எல்லாம் காட்டியிருப்பேன்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். வார்டன் அம்மா இன்று சாப்பாட்டு வரிசையில் வைத்தே கேட்டார். "என்னம்மா, உங்க நாலு பேர் கதை முடிஞ்சுதா இல்லையா?" எல்லார் முன்னாலும். எனக்கு உடம்பே கூசிவிட்டது.

உனக்காக நான் ஒரு வார்த்தையை மாற்றுகிறேன். "தானாகவே" என்பதை எடுத்துவிடுகிறேன். "விலகிப் போய்விட்டாள்" மட்டும் இருக்கும். இதற்கு மேல் இறங்கி வர என்னால் முடியாது. தயவுசெய்து போடு. கோபத்தில் கேட்கவில்லை. எனக்கு இந்த பாஸ் வேண்டும் பிசிறு. ஏன் என்று கேட்காதே.

காலர்


மார்ச் 7, வியாழன், காலை

காலர் அக்காவுக்கு,

கேட்காதே என்றால் நான் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் யானை எலும்பு என்று எழுதிவிட்டீர்கள்.

அந்த அருங்காட்சியகத்துக்கு மேல்மாடி இல்லை அக்கா. ஒரே தளம். மணிக்கூண்டின் உள்ளே லிப்டும் இல்லை, படியும் இல்லை. கதவுக்கே பலகை அடித்து மூடியிருக்கிறார்கள், பலகையில் பாசி பிடித்திருக்கிறது. ஆற்றுப் பாலத்தில் வரிசையாகச் சிலைகள் நிற்கும் என்று மூன்று மாதமாகச் சொன்னீர்கள். பாலத்தில் விளக்குக் கம்பம் மட்டும்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேருந்தைச் சைகை காட்டி நிறுத்திவிட்டு, ஏறாமல், "இது இல்ல, அடுத்தது" என்று சொன்னீர்கள். அப்போது புரியவில்லை.

நீங்கள் இதற்கு முன்னால் ஒரு தடவையாவது வெளியே போயிருக்கிறீர்களா?

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். கையிடமும் பொத்தானிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் நடக்காததில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்து நின்றபோது, "நானாக விருப்பப்பட்டு நிற்கிறேன்" என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்கள். நான் பேசாமல் போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் யார் கேட்டாலும், "நீதானே எழுதிக் குடுத்த" என்றுதான் சொன்னார்கள். இன்னொரு தடவை அப்படிப் போட மாட்டேன்.

பிசிறு


மார்ச் 7, வியாழன், மாலை

பிசிறு,

இதைப் படித்ததும் கிழித்துவிடு. கிழித்து இரண்டு குப்பைத் தொட்டியில் தனித்தனியாகப் போடு.

போனதில்லை. ஒரு தடவைகூட இல்லை.

போன ஒப்பந்தத்தில் ஒரு வருடம் முழுக்க இங்கே இருந்தேன். வெளியே போக நாலு பேர் வேண்டும். எனக்கு நாலு பேர் சேரவில்லை. சேர்ந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எவளோடாவது சண்டை வந்துவிடும். என் வாய் அப்படி. "இவ வந்தா நாங்க வரல" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவள் உண்டு. போய் வந்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். லிப்ட், சிலை எல்லாம் அப்படி வந்ததுதான். எது எந்த ஊரில் இருப்பது என்று எனக்கே குழம்பிவிட்டது. யானை மட்டும் நானே சேர்த்தது.

நீங்கள் மூன்று பேரும் புதிதாக வந்தபோது, என் வாயைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மூன்றும் ஒன்றும் நாலு என்று அன்றைக்கே எண்ணிவிட்டேன்.

பாட்டில் விழுந்து, பேருந்திலிருந்து இறங்கினோம் இல்லையா? அப்போதே கை சொன்னாள், "திரும்பி அந்த சிக்னலுக்கே போயிடலாம்க்கா, அவ அங்கயேதான் நிப்பா." எனக்கு அந்தச் சாலைக்குத் திரும்பிப் போகத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று மாதமாக ஊரையே என் கையில் வைத்திருப்பது போலப் பேசியவள் எப்படிச் சொல்வேன்? "வேணாம், அவளே நிலையத்துக்கு வந்துடுவா, இங்கயே இருப்போம்" என்றேன். உன்னைத் தேடினோம் என்று எழுதினேனே, அது தேடல் இல்லை. எனக்கு வழி தெரியாததால் உன்னை விட்டுவிட்டேன். அந்த நாற்பத்தொரு செய்தியில் முதல் இருபதில்தான் திட்டு. நீ கேட்ட மூன்றும் அதில்தான். மீதியைக் கேட்காதே, அழித்துவிடு.

பழைய தாளைக் கிழித்துவிட்டேன். புதிது ஒன்று எழுதியிருக்கிறேன். தப்பு என்னுடையது, மூன்று பேரை அழைத்துப் போய் ஒருத்தியை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். கையிடமும் பொத்தானிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், அவர்களும் போட்டுவிட்டார்கள். பொத்தான் என்னைப் பார்த்து, "யானையுமா பொய்யி?" என்றாள். எல்லாவற்றையும் மன்னித்தவள் அதை மட்டும் மன்னிக்க மாட்டாள் போலிருக்கிறது.

சாப்பாட்டுக்கு முன் வார்டன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். காலையில் போய்ப் போட்டுவிடு. இதாவது நடந்ததுதான்.

காலர்


மார்ச் 8, வெள்ளி, பகல் பன்னிரண்டு மணி

காலர் அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. என் பெட்டியின் அடியில் இருக்கிறது. மீதிச் செய்திகளையும் கேட்டுவிட்டேன்.

காலையில் வார்டன் அம்மா கூப்பிட்டனுப்பினார். தாளை மேசையில் வைத்து, பேனாவின் மூடியையும் கழற்றி, "போடும்மா, எனக்கு வேற வேலை இருக்கு" என்றார். வாசித்தேன். எல்லாம் நடந்ததுதான். ஆனால் ஒன்று இல்லை. அதை உங்களிடமே நான் எழுதவில்லை. ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டபோது, சிவப்பு விளக்கைப் பற்றி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

பச்சை விழுந்தபோது உங்களைக் காணோம் என்று எழுதினேன். அது பொய். உங்கள் முதுகு தெரிந்தது. பொத்தானின் சிவப்புப் பையும் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிட வாயைத் திறந்தேன். சுற்றி அத்தனை பேர். அவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. மூடிவிட்டேன். அதற்குள் நீங்கள் தெரு முனையில் திரும்பி மறைந்துவிட்டீர்கள்.

இதை வார்டன் அம்மாவிடம் சொன்னேன். எழுதித் தரவில்லை, சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். மேசையில் தாள் பறக்காமல் வைத்திருந்த கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நான் கூப்புடலம்மா. பாத்தேன், ஆனா கூப்புடல. எம்மேலயும் தப்பு இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இத சொல்ல உனக்கு அஞ்சு நாளாச்சா?"

"ஆமாம்மா."

"நேத்து அவ வந்து என் தப்புங்கறா. இன்னிக்கு நீ வந்து என் தப்புங்கற. இந்தப் பாரத்துல பேரு எழுத ஒரு கோடுதான் இருக்கு. ரெண்டு பேர நான் எங்க எழுதுறது?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம் அளவுகோல் வைத்து அடியில் இன்னொரு கோடு போட்டார். ஒன்பது மாதத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார். உங்களுக்கு நாலரை, எனக்கு நாலரை. "அரை மாசம்னா எந்த தேதிம்மா?" என்று கேட்டேன். "வெளிய போடி" என்றார்.

கைக்கும் பொத்தானுக்கும் பாஸ் உண்டு.

நான் ஷிப்ட் மாற்றச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரத்துக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடுவேன்.

பிசிறு


மார்ச் 17, ஞாயிறு, காலை பத்தரை

காலர் அக்காவுக்கு,

கையும் பொத்தானும் இஸ்திரி மேசையிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, நாலு பேராகக் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. நீங்கள் அப்போதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறீர்கள். தூங்கவில்லை. தூங்குகிறவள் இவ்வளவு வேகமாகக் கால் கட்டைவிரலை ஆட்ட மாட்டாள்.

ஒரே லைனில் மறுபடி உட்கார்ந்து நாலு நாள் ஆகிவிட்டது. இந்த நாலு நாளில் நீங்கள் என்னிடம் பேசியது, "கத்தரியக் குடு", "தள்ளு", இரண்டுதான். உங்களுக்கு வார்த்தை வராமல் போகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எரிச்சலாக இருக்கிறது. பேசாமல் இருப்பது என் வேலை. அதை நீங்கள் செய்தால் நான் என்ன செய்வது?

இதை உங்கள் கட்டிலுக்கு மூன்றடி தூரத்தில் என் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்து உங்கள் தலையணை மேல் வீசுவேன்.

படித்துவிட்டுத் திரும்பிப் படுங்கள். அன்றைக்கு நான் பார்த்ததையெல்லாம் முதலிலிருந்து கடைசிவரை சொல்கிறேன். கடிதத்தில் கால்வாசிதான் எழுதினேன். எழுதிக் காட்டப் போவதில்லை, வாயால் சொல்கிறேன். நடுவில் நீங்கள் பேசக்கூடாது. பேசினால் எனக்கு விட்டுப் போகும், அப்புறம் வராது.

பிசிறு

(அதே தாளின் அடியில், வேறு கையெழுத்தில்)

கால்மணி நேரம் பேசாமல் இருக்கிறேன். அதற்கு மேல் சத்தியமாக முடியாது. ஆரம்பி.